மலை நம்மிடம் இருக்கிறது, கடலைத் தேடுங்கள்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ட்ரையத்லான் போட்டியின் பயிற்சிக்கு ஏதாவது ஒரு தீவுக்குப் போகலாம் என்று பேச்சு எழுந்தால், சேலத்து நண்பர்கள் முதலில் கேட்பது, "அங்கே சைக்கிள் ஓட்ட நல்ல ஏற்றம் இருக்கிறதா?" என்றுதான். ஏற்றத்துக்காக நாம் ஏன் விமானம் ஏற வேண்டும்? அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு ஏரிக்கரையைத் தொடும்போது 1,300 மீட்டருக்கு மேலான உயரத்தில் நிற்கிறோம். அலுத்துப்போனால் குப்பனூர்ப் பாதை இருக்கிறது. வெயிலுக்கும் நம் ஊரில் பஞ்சமில்லை.

நமக்கு இல்லாதது கடல். கிணற்றில் சுரைக்குடுவை கட்டி நீந்தப் பழகி, பிறகு நீச்சல் குளத்தில் வேகம் கூட்டிக்கொண்டவர்கள்தான் இங்கே பெரும்பாலோர். குளத்தில் 25 மீட்டருக்கு ஒரு சுவர் வருகிறது. அதை உதைத்துத் திரும்பும்போது ஒரு நொடி ஓய்வு கிடைக்கிறது. அடியில் தெரியும் கோடு நம்மை நேராக அழைத்துப் போகிறது. கடலில் இரண்டும் இல்லை. அயர்ன்மேன் 70.3 என்ற ட்ரையத்லான் போட்டியில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். பின்னிரண்டையும் சேலத்திலேயே தயார் செய்துவிடலாம். அதனால் தீவைத் தண்ணீரை வைத்துத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் பிடிவாதமான கருத்து. சாலையை அடுத்ததாகப் பாருங்கள். அறையின் அழகு, படகு உலா எல்லாம் கடைசியில்.

தண்ணீர் எப்படி இருக்கும் என்பதைத் தீவின் பெயர் சொல்லாது, மாதம்தான் சொல்லும். நான் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆர்டரும் குறைவு. கோட்டை மாரியம்மன் பண்டிகை முடிந்த கையோடு எனக்குக் கிடைப்பதுதான் நீண்ட விடுமுறை. அதாவது ஆகஸ்ட். அப்போது தென்மேற்குப் பருவக்காற்று முழு வீச்சில் இருக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது கரையில் இருப்பவர்களுக்கே; கடலில் கேட்கவே வேண்டாம். லட்சத்தீவு, அந்தமானின் மேற்குக் கரைகள், தாய்லாந்தின் புக்கெட் தீவின் மேற்குக் கடற்கரைகள் எல்லாம் அந்த மாதங்களில் கொந்தளிக்கும். புகைப்படத்தில் பார்த்த பச்சை நிறக் கடல் டிசம்பருக்குப் பிறகு எடுத்ததாக இருக்கும். எந்தத் தீவானாலும் வரைபடத்தை விரித்து, நீங்கள் போகும் மாதத்தில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது என்று பாருங்கள். காற்று மோதும் கரையை விட்டு, மறுகரைக்குப் போங்கள்.

இந்தக் கணக்கைப் போட்டால் இலங்கை தனித்து நிற்கிறது, ஏனென்றால் அங்கே ஒரு கரை கொந்தளிக்கும் பருவத்தில் மறுகரை அமைதியாக இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை தெற்கிலும் தென்மேற்கிலும் உனவட்டுன, மிரிஸ்ஸ பக்கம் கடல் அமைதி. மே முதல் செப்டம்பர் வரை கிழக்கில் திருகோணமலை பக்கம் அமைதி. கோவா அயர்ன்மேன் 70.3 அக்டோபர், நவம்பரில் வருகிறது. அதற்குத் தயாராகிறவருக்கு ஆகஸ்டில் திருகோணமலையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. திருச்சியிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து திருகோணமலைக்கு ரயிலும் உண்டு.

திருகோணமலையை அடுத்த உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடிகாலையில் கடல் எண்ணெய் தடவியதுபோல் கிடக்கும். ஆனால் அந்த மாதங்களில் கச்சான் காற்று என்று ஒன்று வீசுகிறது. மேற்கே மலைகளைத் தாண்டி இறங்கி வரும் வறண்ட, சூடான காற்று. அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் அலையே இருக்காது. அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. இருநூறு மீட்டர் உள்ளே போனால் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். திரும்பி வரும்போதுதான் அதன் பலம் புரியும். ஆகவே கரைக்கு இணையாகவே நீந்துங்கள், இடுப்பில் மிதவையைக் கட்டிக்கொள்ளுங்கள், வெயில் ஏறிக் காற்று கிளம்புமுன் கரையேறிவிடுங்கள். நீந்தத் தொடங்குமுன் ஒரு நிமிடம் மல்லாந்து மிதந்து பாருங்கள். கரையில் ஒரு தென்னை, அதன் பின்னால் ஒரு வீட்டுக் கூரை, இரண்டையும் ஒரே நேர்கோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அவை விலகத் தொடங்கினால் நீரோட்டம் உங்களை எந்தப் பக்கம், எவ்வளவு விரைவாகக் கொண்டுபோகிறது என்று தெரிந்துவிடும். எட்டுக் கைவீச்சுக்கு ஒரு முறை கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கி அடையாளத்தைப் பாருங்கள். தலையைத் தூக்கினால் இடுப்பு இறங்கிவிடும். கடலுக்குள் இழுக்கும் ஓட்டத்தில் சிக்கினால் எதிர்த்து நீந்தாமல் பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள். நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்குப் படகுகள் போகும் தடத்தில் மட்டும் இறங்காதீர்கள்.

இங்கே இன்னொரு பெரிய வசதி மொழி. வலை இழுத்துக்கொண்டிருப்பவரிடம், "அண்ணை, இன்றைக்கு நீரோட்டம் எப்படி?" என்று தமிழில் கேட்கலாம். எந்தச் செயலியும் தராத பதில் கிடைக்கும். அவர் வேண்டாம் என்றால் அன்றைக்கு ஓட்டம் மட்டும் போதும். காலையில் இடியாப்பமும் சொதியும் சம்பலும் கிடைப்பதால் வயிறும் தொல்லை தராது.

சாலை? நிலாவெளி, குச்சவெளி வழியாகப் புல்மோட்டைக்குப் போகும் கரையோரச் சாலை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது, சமதளம், நிழல் குறைவு. போய்த் திரும்பினால் 90 கிலோமீட்டர் பயிற்சி முடிந்துவிடும். வாகனங்கள் நம்மைப் போலவே இடப்பக்கம் ஓடுகின்றன. ஹபரணை பக்கம் மட்டும் மாலையில் சைக்கிளில் போக வேண்டாம், அது காட்டு யானைகள் சாலையைக் கடக்கும் பகுதி.

மற்ற தீவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லட்சத்தீவின் பவளப்பாறைக்கு உட்பட்ட கடற்கழி, கடலுக்குப் பயப்படுகிறவருக்கு அருமையான பள்ளிக்கூடம். ஆனால் முன் அனுமதி வேண்டும், சைக்கிளுக்குச் சாலை போதாது. மாலத்தீவிலும் சாலை போதாது. அந்தமானில் ஸ்வராஜ் தீவு (பழைய ஹேவ்லாக்) நீச்சலுக்கும் ஓட்டத்துக்கும் நல்லது. அங்கே உப்புநீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்திலும், கழிமுகம், அலையாத்திக் காடு அருகிலும் இறங்கவே கூடாது. சூரியன் நம் கடிகாரப்படி ஐந்து மணியை ஒட்டி உதித்துவிடுவதால் அலாரத்தை முன்னே தள்ளிவையுங்கள். புக்கெட்டில் 1994 முதல் ட்ரையத்லான் நடக்கிறது. நீச்சல் குளம், பயிற்சியாளர், சைக்கிள் கடை எல்லாம் கிடைக்கும், பணமும் அதற்கேற்பக் கரையும். மலேசியாவின் லங்காவித் தீவில் குனுங் ராயா மலை 881 மீட்டர். அதை ஏற்காட்டில் ஏறியவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. போட்டியே லங்காவியில் என்றால் போங்கள்.

வெயில் நமக்குப் பழக்கம் என்று நினைத்து ஒரு விஷயத்தை விட்டுவிடக் கூடாது. சேலத்து வெயில் வறண்டது, வியர்வை தோலிலேயே காய்ந்து உடலைக் குளிர்விக்கும். தீவில் காற்றே ஈரம். வியர்வை காயாமல் சொட்டும், சூடு உள்ளேயே தங்கும். உடல் இதற்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். ஒரு வாரம்தான் விடுப்பு என்றால் முதல் மூன்று நாள் ஓட்டத்தின் வேகத்தைக் குறைத்தே வைத்திருங்கள். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த எடையோடு ஓட்டத்தில் குடித்த தண்ணீரையும் கூட்டினால், ஒரு மணி நேரத்தில் நீங்கள் இழக்கும் வியர்வை எவ்வளவு என்று தெரியும். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், அது ஆபத்து. உப்புக் கரைசலையும் கொண்டுபோங்கள். உடல் சூட்டைக் காக்கும் ரப்பர் நீச்சலுடையான வெட்சூட் வேண்டாம். அயர்ன்மேன் விதிப்படி 24.5 டிகிரிக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு பரிசுக்குப் போட்டியிட முடியாது, நம் கடல்கள் அதைவிடச் சூடு. அக்குளிலும் கழுத்திலும் வாசலின் தடவிக்கொள்ளுங்கள், உப்புநீரில் தோல் உராய்ந்து புண்ணாகும்.

சைக்கிளைப் பெட்டியில் கட்டும்போது பெடல், ஹேண்டில்பார், சக்கரங்கள், பின் டிரெயிலியர் (செயினை நகர்த்திக் கியர் மாற்றும் கருவி) ஆகியவற்றைக் கழற்றுங்கள். டிரெயிலியரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்தால் கியர் மாறாது, அது தீவில் கிடைக்கவும் கிடைக்காது. உங்கள் சைக்கிளுக்கான உதிரி ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சிறிய விமானங்களில் பெட்டி ஏறுமா என்று டிக்கெட் எடுக்கும் முன்பே கேளுங்கள். கரையோரச் சாலையில் ஓட்டியபின் தினமும் நல்ல தண்ணீரில் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள்.

பயணம் போட்டிக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு முன்பே முடியும்படி தேதியை வையுங்கள். அறையைப் பதிவு செய்யும் முன் விடுதிக்குப் போன் செய்து கேளுங்கள்: காலை நாலரைக்குக் கதவைத் திறந்துவிடுவார்களா, சைக்கிளை அறைக்குள் வைக்கலாமா, கழுவ நல்ல தண்ணீர்க் குழாய் உண்டா, பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம். இந்த நான்குக்கும் தயங்காமல் பதில் சொல்லும் இடத்தில் முன்பணம் கட்டுங்கள்.