மலையில் ஃபோம் ஜெட் கட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூலூருக்குத் தேஜஸ் விமானங்கள் வந்ததிலிருந்து, எங்கள் பக்கத்தில் மாடல் விமானம் விடுகிற பையன்களுக்கு டெல்டா இறக்கை, அதாவது முக்கோண இறக்கை, ஜெட் மேல்தான் கண். மூக்கில் ப்ரொப்பெல்லர் வேண்டாம். வயிற்றுக்குள் விசிறி சுற்ற வேண்டும், வால் வழியாகக் காற்று சீற வேண்டும். நல்ல ஆசை. கோவை மைதானத்தில் பறக்கும் மாடலின் பிளானை அப்படியே கொண்டுவந்து ஊட்டியில் கட்டுகிறார்கள். கீழே துள்ளிப் பறந்தது இங்கே ஏற மறுக்கிறது. உடனே ஒரு பெரிய பேட்டரியை மாட்டுகிறார்கள். நான் பார்த்தவரை எல்லாத் தவறுக்கும் தாய்த் தவறு இதுதான்.

கணக்கைப் பாருங்கள். கோவை சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டரில். கோவைக் காற்றின் அடர்த்தியை 100 என்று வைத்தால் ஊட்டிக் காற்று 83தான். கோவையில் ஒரு கிலோ தள்ளும் 64 மி.மீ. விசிறி அதே வேகத்தில் சுற்றினால் இங்கே 830 கிராம்தான் தள்ளும். இறக்கைக்கும் அதே கதி. விழாமல் பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் பத்து சதவீதம் போல ஏறிவிடும். இந்த நிலையில் 4 செல், 2200 mAh கொள்ளளவு பேட்டரியை எடுத்துவிட்டு 3000 வைத்தால் 80 கிராமாவது கூடும். 750 கிராம் மாடல் 830 ஆகும். குறைந்தபட்ச வேகம் கோவையைவிட 15 சதவீதம் அதிகமாகும். இறங்கும்போது தரையில் மோதும் ஆற்றல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஃபோம் அதைத் தாங்காது.

இன்னும் சிலர் 4 செல்லுக்குப் பதிலாக 5 செல் போடுகிறார்கள். விசிறி கேட்கும் பவர் வேகத்தின் மும்மடியில் ஏறும். வேகம் 25 சதவீதம் கூடினால் பவர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மலைக் காற்றின் மெலிவைக் கழித்தாலும் ஒன்றரை மடங்குக்கு மேல். 4 செல்லுக்கென்று செய்த பிளாஸ்டிக் விசிறி அந்த வேகத்தில் வெடித்தால் பிளேடு துண்டுகள் ஃபோமைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். பக்கத்தில் நிற்பவர் கண்ணை நினைத்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியது நேர் எதிரானது: எடையைக் குறையுங்கள். சமையலறைத் தராசை மேஜையிலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாகத்தையும் நிறுத்துப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள். சக்கரம் வேண்டவே வேண்டாம். தேயிலைச் சரிவில் ஓடுபாதைக்கு எங்கே போவது? புல்லில் வயிற்றால் இறக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது காற்றுப் பாதை. மெலிந்த காற்றில் இழந்த தள்ளுவிசையை ஓரளவு திரும்பப் பெற இதுதான் மலிவான வழி, ஆனால் அதிகம் பேர் கைவைக்காத இடமும் இதுதான். 64 மி.மீ. விசிறியின் வட்டப் பரப்பு 32 சதுர செ.மீ. நடுக்குமிழ் 28 மி.மீ. என்றால் அதன் 6 சதுர செ.மீ.யைக் கழிக்க வேண்டும். விசிறி உண்மையில் காற்றைத் தள்ளும் பரப்பு 26தான். மற்ற எல்லா அளவையும் இந்த 26-ஐ வைத்துத்தான் போட வேண்டும். பின்குழாயை வால்வரை 64 மி.மீ. விட்டத்திலேயே விட்டால் வாய் 32 ஆகிவிடும். காற்று வேகம் இழந்து சும்மா கொட்டும். விசிறிப் பரப்பில் 85 சதவீதம், அதாவது 22 சதுர செ.மீ., விட்டத்தில் சொன்னால் 53 மி.மீ. வரும்படி குழாயை மெல்ல மெல்லக் குறுக்குங்கள். ஆசைப்பட்டு அதற்கும் கீழே ரொம்ப நெருக்கினால் விசிறி திணறும். குழாய்க்குப் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைவிட நல்ல பொருள் எனக்குக் கிடைக்கவில்லை. உட்பக்கம் வழுவழுப்பாக இருக்கும், எடை மிகக் குறைவு, சுருட்டி ஒட்டினால் வட்டம் கெடாது.

முன்பக்க வாய்க்கு அந்த 26 சதுர செ.மீ.யாவது முழுதாகக் கிடைக்க வேண்டும். தேஜஸில் வாய் இறக்கைக்கு அடியில் இரண்டு பக்கமும் ஒடுங்கி இருக்கும். சின்ன மாடலில் அசல் அளவை அப்படியே காப்பி அடித்தால் விசிறி பட்டினி கிடக்கும். வயிற்றில் கூடுதலாக ஒரு திறப்பு வெட்டிவிடுங்கள். பறக்கும்போது யார் கண்ணுக்கும் தெரியாது. வெட்டிய விளிம்பைக் கத்தி போல விடுவதுதான் அடுத்த தவறு. கூர் விளிம்பில் திரும்பும் காற்று சுவரை விட்டுப் பிய்ந்துகொள்ளும், குழாய் ஊளையிடும். ஏசி செம்புக் குழாய்க்கு மாட்டும் கறுப்பு ஃபோம் உறையை வாங்கி, நீளவாக்கில் கீறி, விளிம்பைச் சுற்றிச் செருகி ஒட்டுங்கள். போன மார்கழியில் நான் இதைச் செய்த அன்று ஊளை நின்று சீற்றம் மட்டும் கேட்டது. தராசில் கட்டிப் பார்த்தபோது அதே பேட்டரியில் தள்ளுவிசையும் கண்கூடாக ஏறியிருந்தது. தையல் நூலை நாலு அங்குலத்துக்கு வெட்டி வாயோரம் டேப்பில் ஒட்டி விசிறியைச் சுற்றவிட்டாலும் தெரிந்துவிடும். நூல் நேராக உள்ளே படுத்தால் சரி. துடித்தால் அந்த இடத்தை இன்னும் உருட்ட வேண்டும். விசிறியைத் தொடாத அளவுக்கு நூல் குட்டையாக இருக்கட்டும்.

பசை விஷயம் சுருக்கமாக. சூப்பர் குளூ தெர்மோகோலையும் டெப்ரான் என்கிற ஃபோம் தகட்டையும் தின்றுவிடும். ஸ்ப்ரே பெயிண்டும் அப்படியே. ஃபோமுக்கென்று விற்கும் பசையை வாங்குங்கள், எதற்கும் ஒரு துண்டில் போட்டுப் பாருங்கள். ஃபெவிகால் ஒட்டும், ஆனால் இரண்டு அகலமான தகடுகளுக்கு நடுவே அதன் ஈரம் வெளியேற வழி இல்லை. ஜூலை மூடுபனியில் இரண்டு நாள் ஆனாலும் உள்ளே பச்சையாகவே இருக்கும். விசிறியை மட்டும் ஹாட் குளூவில் நிறுத்தாதீர்கள். மோட்டார் சூட்டில் அது இளகினால் விசிறி சாய்ந்துவிடும்.

எடை மையத்தைச் சரியாக்கப் பேட்டரியை மூக்குக்குத் தள்ளும்போது ஒயர் எட்டாது. உடனே பேட்டரிக்கும் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சிக்கும் நடுவே ஒயரை நீட்டுகிறார்கள். தவறு. அந்தப் பக்கம் ஒயர் நீண்டால் வோல்டேஜ் துடிப்பு ஏறி ஈஎஸ்சியின் கெப்பாசிட்டரைச் சாப்பிடும். நீட்டுவதாக இருந்தால் மோட்டார் பக்கத்து மூன்று ஒயர்களை நீட்டுங்கள். ஈஎஸ்சியை காற்று படும்படி வையுங்கள். மெலிந்த காற்று சூட்டையும் மெதுவாகத்தான் எடுத்துப்போகும். டெல்டாவில் எடை மையம், இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையான சராசரி அகலத்தில், முன்னிருந்து 20 முதல் 25 சதவீதத்துக்குள் இருக்கட்டும். அது பின்னால் போன மாடல் கையை விட்டதும் மூக்கைத் தூக்கிக் கவிழும். இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடுகளான எலிவான் இரண்டையும் 2, 3 மி.மீ. மேலே தூக்கி வைத்துக்கொண்டு முதல் தடவை விடுங்கள்.

பனிக்காலத்தில் தலைகுந்தா, காந்தல் பக்கம் காலையில் புல்லெல்லாம் உறைபனி. அந்தக் குளிரில் லிப்போ பேட்டரியின் உள்தடை ஏறி, த்ராட்டிலை முழுதாகத் தள்ளியதும் வோல்டேஜ் சரிந்துவிடும். பேட்டரியைப் பைக் டப்பாவில் போட்டுக் கொண்டுவராதீர்கள். ஸ்வெட்டருக்கு உள்ளே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து, விடும் நேரத்தில் மாட்டுங்கள்.

இனி கையால் எறிந்து பறக்கவிடுவது. ப்ரொப்பெல்லர் மாடலில் முன்னால் சுற்றும் விசிறி வால் மேல் காற்றடிக்கும். மெதுவாக எறிந்தாலும் கண்ட்ரோல் இருக்கும். ஈடிஎஃப்பில், அதாவது நம் வயிற்று விசிறி ஜெட்டில், அந்தக் காற்று குழாய்க்குள்ளேயே போய்விடும். வேகம் வரும்வரை எலிவான் வெறும் அட்டை. அதனால் த்ராட்டிலை ஏற்றிய உடனே எறியக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி மேட்டில் எறிய நின்ற பையன் கேட்டான்: "அண்ணா, விடட்டுமா?" "இருப்பா, விசிறி முழுசா ஏறட்டும்" என்று சொல்லி வாயை மூடவில்லை, அவன் மஃப்ளர் நுனி வயிற்றுத் திறப்புக்குள் போய்விட்டது. த்ராட்டிலை இழுத்துவிட்டேன், கழுத்து தப்பியது, இரண்டு பிளேடு போயிற்று. எறிகிறவர் மஃப்ளர், சால்வை, தொங்கும் கயிறு எதுவும் இல்லாமல் நிற்க வேண்டும். விரல் திறப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும்.

சரிவு கண்டதும் பள்ளத்தைப் பார்த்து எறியத் தோன்றும். காற்று முகத்தில் அடித்தால் மட்டும் எறியுங்கள். முதுகில் அடித்தால் நீங்கள் மலையின் மறைவுப் பக்கம் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். அங்கே காற்று சுழன்று கீழே அமுக்கும், மாடல் நேராகத் தேயிலைக்குள் போகும்.

இடம் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். 2021 ட்ரோன் விதிகள் மாடல் விமானங்களையும் சேர்த்தே சொல்கின்றன. கிளம்பும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் அந்த இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று பாருங்கள். வெலிங்டனில் ராணுவம், அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை. அந்தப் பக்கமே வேண்டாம். வென்லாக் டவுன்ஸ் புல்வெளி எவ்வளவு இழுத்தாலும் அது வனத்துறையின் நிலம். எஸ்டேட் ஓரத்துத் தரிசுக்கு உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும்.

விழுந்தால் ஒரு துண்டுகூட விடாமல் பொறுக்குங்கள். தெர்மோகோல் மணி மணியாக உதிர்ந்து தேயிலை இலைக்கடியில் ஒட்டிக்கொள்ளும், கொழுந்து பறிக்கும் அக்காக்களின் கூடைக்குள் போகும். மணி சிந்திய புல்லைக் காட்டுமாடும் மேயும். நான் ஒரு கோணிப்பையும் பழைய பெயிண்ட் பிரஷ்ஷும் எப்போதும் கொண்டுபோகிறேன். இலையைக் கையில் தாங்கிக்கொண்டு பிரஷ்ஷால் தட்டினால் மணிகள் பைக்குள் விழும். ஒரு செடிக்கு ஐந்து நிமிடம் ஆகும்.