குடல் அழற்சி கிளம்பும் நாட்களில் என்ன சாப்பிடலாம், என்ன குடிக்கலாம்?

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலின் உள்சுவரில் அழற்சியும் புண்ணும் உண்டாகும் நீண்டகால நோய்) உள்ளவர்களுக்கு அடங்கியிருந்த நோய் மறுபடி கிளம்புவதை டாக்டர்கள் 'ஃப்ளேர்' என்பார்கள். வயிற்றுப் பிடிப்பு, ரத்தம் கலந்த பேதி, நடுராத்திரியில் எழுந்து ஓடுவது எல்லாம் சேர்ந்து வரும். "லங்கணம் பரம ஔஷதம், வயிற்றைக் காயப்போடு" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். இந்த நோய்க்கு அது சரிப்படாது. ரத்தமும் புரதமும் ஏற்கெனவே குடல் வழியே போய்க்கொண்டிருக்கிறது. பட்டினியும் சேர்ந்தால் ஆள் சீக்கிரம் உருக்குலைந்துவிடுவார்.

சாப்பாடு குடல் புண்ணை ஆற்றாது. அது மெசலமைன், ஸ்டீராய்டு போன்ற மருந்துகளின் வேலை. டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள். வலிக்கிறதே என்று டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போடவும் வேண்டாம். அவை நோயைக் கிளப்பிவிடக்கூடும்.

படி 1: தண்ணீர்ச்சத்து

பேதியோடு உப்பும் போகிறது, அதனால் வெறும் தண்ணீர் போதாது. ஓ.ஆர்.எஸ். (பேதிக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலத்தில் 1 லிட்டருக்கானதும் உண்டு, 200 மில்லிக்கானதும் உண்டு. பார்த்துக் கரையுங்கள். பொட்டலம் இல்லையென்றால், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. மடமடவென்று குடிக்காமல் வாய் வாயாகக் குடியுங்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். காபி குடலை முடுக்கிவிடும். சில நாள் விட்டுவிடுங்கள்.

படி 2: கஞ்சி

ஒரு பிடி பச்சரிசி நொய், ஒரு ஸ்பூன் பாசிப்பருப்பு, எட்டு மடங்கு தண்ணீர். அரை ஸ்பூன் சீரகத்தை மெல்லிய துணியில் முடிந்து உள்ளே போடுங்கள். குக்கரில் ஐந்தாறு விசில் விட்டதும் முடிச்சை எடுத்துவிட்டு, மத்தால் நன்றாக மசித்து உப்பு சேர்த்தால் போதும். வாசனை இறங்கிவிடும், சீரகம் வயிற்றுக்குள் போகாது.

படி 3: புரதம்

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். வாரக்கணக்கில் வெறும் கஞ்சியிலேயே ஓட்டிவிடுகிறார்கள். கஞ்சி ஒத்துக்கொண்டதுமே அவித்த முட்டை, மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்த மீன், மசிய வெந்த கோழி என்று தினமும் சேர்க்க வேண்டும். சைவம் என்றால் இட்லி, நன்றாக வெந்த பருப்புத் தண்ணீர், தயிர். பாலால் வயிறு உப்பினாலும் தயிர் பலருக்கு ஒத்துப்போகும். மூன்று வேளைக்குப் பதில் ஆறு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக.

படி 4: தள்ளி வைக்க வேண்டியவை

கீரை, முருங்கைக்காய், சுண்டல், தேங்காய்த் துருவல், பச்சைக் காய்கறி, மிளகாய், எண்ணெய்ப் பலகாரம். சிறுதானியம் சத்தானதுதான், ஆனால் அதன் நார் இப்போது உறுத்தும். காய் வேண்டுமென்றால் தோலும் விதையும் நீக்கிய சுரைக்காய், பூசணி, கேரட்டைக் குழைய வேகவைத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பழுத்த வாழைப்பழமும் சாப்பிடலாம்.

படி 5: பழைய சாப்பாட்டுக்குத் திரும்புவது

ரத்தம் நின்று, மலம் கெட்டியான பிறகு, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு புதுப் பொருள் வீதம் சேர்த்து, ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒவ்வாதது எது என்று அப்போதுதான் பிடிபடும். பயந்துபோய் எதையும் நிரந்தரமாக ஒதுக்கிவிடாதீர்கள்.

ஒரே நாளில் ஆறு முறைக்கு மேல் ரத்தத்தோடு போவது, காய்ச்சல், படபடப்பு, வயிறு வீங்கி இறுகுவது, சிறுநீர் குறைவது ஆகியவற்றில் எது வந்தாலும் கஞ்சி வைத்துக்கொண்டிருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.