முதல் மாயக்கதை: ஒரு சாவியை வைத்து எழுதிப் பழகலாம்

மாயக்கதை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் வரைபடத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஏழு தேசம், மூன்று நிலா, ஆயிரம் வருஷ வம்சாவளி. இரண்டு மாதத்தில் நோட்டு நிரம்பிவிடும். கதை மட்டும் ஒரு பக்கம் தாண்டியிருக்காது. முதல் கதைக்கு இதெல்லாம் வேண்டாம். 1,500 சொல், மூன்று கதாபாத்திரம், ஒரே ஒரு மாயம் போதும்.

படி 1: மாயத்துக்கு எல்லை கட்டுங்கள்

மணிமேகலையில் வரும் அமுதசுரபி, அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். பலருக்கு நினைவிருப்பது அவ்வளவுதான். மணிமேகலைக்கு முன் அதை வைத்துப் பசித்தவருக்குச் சோறு போட்ட ஆபுத்திரனின் கதையைப் பாருங்கள். அவன் மேல் கோபம் கொண்ட இந்திரன் அதைப் பிடுங்கவில்லை, உடைக்கவும் இல்லை. பஞ்சத்தில் கிடந்த பாண்டிய நாட்டில் மழையைப் பெய்யவைத்தான். நாடு செழித்தது, பசித்தவர் இல்லை, பாத்திரத்துக்கு வேலையும் இல்லை. உண்பாரைத் தேடிக் கப்பலேறிய ஆபுத்திரன், ஆளில்லாத மணிபல்லவத் தீவில் தனியே விடப்பட்டான். ஊரைக் காக்கும் பாத்திரத்தால் தன் ஒரு வயிற்றை மட்டும் நிரப்ப மனம் வராமல், அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர்விட்டான்.

பாத்திரத்துக்குச் சக்தி குறையவே இல்லை, கவனித்தீர்களா? பசி இருந்தால்தான் அதற்கு மதிப்பு என்ற எல்லைதான் கதையாகிறது. பசியையும் ஈகையையும் இவ்வளவு தனியாகப் பிரித்து எடுத்துக் காட்ட யதார்த்தக் கதைக்குப் பல அத்தியாயம் பிடிக்கும். மாயக்கதையைக் குழந்தைகள் சமாசாரம் என்று ஒதுக்குபவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

படி 2: மூன்று வரி எழுதுங்கள்

மாயம் என்ன செய்யும், என்ன செய்யாது, அதன் விலையை யார் கொடுப்பார்? இதற்கு மூன்றே வரி. திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் ஒரு சாவி இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

எந்தப் பூட்டையும் திறக்கும்.
திறந்த பூட்டை மறுபடி பூட்டாது. வேறு எந்தச் சாவியாலும் அதைப் பூட்ட முடியாது.
விலையைக் கொடுப்பவர் வீட்டுக்காரர், சாவிக்காரர் அல்ல.

மூன்றாவது வரியில்தான் கதை ஒளிந்திருக்கிறது. ‘பயன்படுத்தினால் மயக்கம் வரும்’ என்ற மாதிரி விலை வைத்தால் கதாபாத்திரம் கொஞ்சம் படுத்து எழுந்துவிடும், யாருக்கும் நஷ்டமில்லை. வேதாளத்தின் நிபந்தனை போல இரண்டு பக்கமும் இறுக்க வேண்டும்: பதில் தெரிந்தும் விக்கிரமாதித்தன் வாயை மூடினால் தலை சுக்குநூறு, திறந்தால் வேதாளம் மறுபடி மரத்தில்.

படி 3: விளக்காமல் காட்டுங்கள்

முதல் 150 சொல்லுக்குள் மாயம் ஒரு முறையாவது நடந்துவிட வேண்டும். ஆரம்ப எழுத்தாளர் இப்படி எழுதுவார்:

‘அது ஒரு மர்மமான மாயச் சாவி. அதன் அபூர்வ சக்தி யாருக்கும் தெரியாது.’

இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

‘மாங்காய்ப் பூட்டு “டக்” என்று வாயைத் திறந்தது. பாட்டி அதை வாங்கி மறுபடி அழுத்தினாள். நிற்கவில்லை. முந்தானையில் சுற்றி இரண்டு கையாலும் அழுத்தினாள். “ஏம்ப்பா, ராத்திரிக்கு நான் என்னத்தப் போட்டுப் பூட்டுறது?”’

விதியும் விலையும் ஒரே அடியில் வந்துவிட்டன. ‘மர்மம்’, ‘அபூர்வம்’ இரண்டும் தேவைப்படவே இல்லை.

படி 4: காட்சி பிரியுங்கள்

ஒவ்வொன்றும் சுமார் 300 சொல்லில் ஐந்து காட்சி. முதல் இரண்டில் வாசகருக்கு விதி முழுக்கத் தெரிந்துவிட வேண்டும். மூன்றாவதில், சாவியைப் போட்டே ஆகவேண்டிய நெருக்கடி: உள்ளே தாழ் போட்ட அறையில் குழந்தை என்று வைக்காதீர்கள், தாழுக்குச் சாவித்துளை கிடையாது. இப்படிச் சின்ன இடத்தில் தப்பு விட்டால் மாயத்தையும் வாசகர் நம்பமாட்டார். வெளியே பூட்டிய அறை என்று வையுங்கள். நான்காவதில் விலை வந்து சேரட்டும், ஐந்தாவதில் முடிவு.

முடிவில் புதுச் சக்தி எதுவும் முளைக்கக் கூடாது. சாவி திடீரென்று பூட்டவும் கற்றுக்கொண்டால் முதல் நான்கு காட்சியும் வீண்.

படி 5: சத்தமாகப் படியுங்கள்

மாயம் வந்ததும் கதாபாத்திரங்கள் ‘யார் நீ? எங்கிருந்து வருகிறாய்?’ என்று நாடகத் தமிழுக்குத் தாவுவது வழக்கமான சறுக்கல். பாட்டி கடைசிவரை பாட்டியாகவே பேசட்டும். பிறகு ‘திடீரென்று’ வரும் இடங்களை எல்லாம் பேனாவால் சுழியுங்கள். ஒவ்வொன்றிலும், முந்தைய காட்சியில் வைக்க மறந்த ஏதோ ஒன்று இருக்கும். அங்கே போய் அதை வைத்துவிட்டு வந்து, அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள்.