ஹைட்ரோஸும் பெராக்சைடும் பக்கத்துப் பக்கத்தில் வேண்டாம்: சாயப்பட்டறை கெமிக்கல் அறையை அடுக்குவது எப்படி?

திருப்பூர்ப் பக்கம் ஒரு சின்ன சாயப்பட்டறையில் ஸ்டோர் பொறுப்பு என் கைக்கு வந்ததும், முதல் வேலையாக எல்லாவற்றையும் எழுத்து வரிசையில் அடுக்கினேன். பார்க்க லட்சணமாக இருந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடு கேன்களை ஒட்டியே ஹைட்ரோஸ் (சோடியம் ஹைட்ரோசல்பைட்டுத் தூள்) டிரம், இரண்டுமே 'ஹை'யில் தொடங்குகிறதே! அறையிலேயே மோசமான ஜோடி அதுதான் என்று புரிய ஒரு மழைக்காலம் வரவேண்டியிருந்தது.

படி 1. சப்ளையரிடம் ஒவ்வொரு சரக்குக்கும் எஸ்.டி.எஸ். தாள் (பாதுகாப்புத் தகவல் தாள்) கேட்டு வாங்குங்கள். 16 பகுதிகள் இருக்கும். முதலில் 7-ஐயும் 10-ஐயும் படியுங்கள்: எப்படி வைப்பது, எதோடு சேரக்கூடாது.

படி 2. பெயரை மறந்துவிட்டு, குணத்தைப் பார்த்துப் பிரியுங்கள். அசிட்டிக் ஆசிட் ஒரு மூலை, காஸ்டிக் சோடா எதிர் மூலை, பெராக்சைடு தனி, ஹைட்ரோஸ் தனி. ஹைப்போ திரவம் (சோடியம் ஹைப்போகுளோரைட்டு) இருந்தால் ஆசிட் பக்கமே போகக்கூடாது, கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

படி 3. ஹைட்ரோஸ். நான் மாட்டிக்கொண்ட இடம் இது. கொஞ்சம் ஈரம் பட்டாலே தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். எங்கள் பையன் காஸ்டிக் கரைத்த ஈர மக்கையே இதிலும் விட்டு அள்ளியிருக்கிறான், மூடியும் சரியாக மூடவில்லை. காலையில் கதவைத் திறந்தால் பட்டாசு வெடித்த நெடி, டிரம் சுட்டது, பக்கத்திலேயே பெராக்சைடு. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு 101-ஐ அழைத்தோம். அன்றிலிருந்து இதற்கென்று ஒரு உலர்ந்த மக், டிரம்மோடு கயிறு கட்டித் தொங்குகிறது. டிரம் தரையில் நிற்காது, பேலட் மேல்தான். கூரை ஒழுகும் இடத்தில் வைக்கவே வேண்டாம்.

படி 4. பெராக்சைடு கேனின் மூடியில் காற்றுப் போக்கி இருக்கும். அதை டேப் ஒட்டி அடைத்தால் கேன் உப்பி வெடிக்கும். வெளியே எடுத்து மிஞ்சியதைத் திரும்பக் கேனில் ஊற்றாதீர்கள். கீழே மரப் பேலட் வேண்டாம், பிளாஸ்டிக்தான். விலை கூடத்தான், ஆனால் சிந்திய பெராக்சைடு மரத்திலும் பழந்துணியிலும் ஊறினால் தீப்பிடிக்கும்.

படி 5. திரவக் கேன்களுக்கு அடியில் கசிவைப் பிடிக்கத் தொட்டி, காஸ்டிக்குக்கு அலுமினியப் பாத்திரம் கூடாது, லேபிளை பெயிண்ட் மார்க்கரில் எழுதுங்கள். காகிதம் ஒரு வாரம்கூடத் தாங்காது.

பிற்சேர்க்கை: ஹைட்ரோஸ் எரிந்தால் மணல் போதுமா என்று சிலர் கேட்டார்கள். போதாது. எரிய அதற்கு வெளிக்காற்றே தேவையில்லை, மூடினாலும் உள்ளே எரியும். ஒரு வாளித் தண்ணீர் இன்னும் மோசமாக்கும், வெள்ளமாகப் பாய்ச்சினால்தான் அடங்கும். அது தீயணைப்புக்காரர்கள் வேலை, நீங்கள் காற்று வரும் திசைக்குப் போய் நில்லுங்கள். நானும் முன்பு டிரம் பக்கத்தில் மணல் வாளி வைத்திருந்தவன்தான். இப்போது அது அசிட்டிக் மூலையில், சிந்தினால் உறிஞ்ச.