மழலையர் பள்ளிச் சாப்பாட்டில் சத்தைக் கூட்ட ஊழியர்களுக்குப் பயிற்சி தருவது எப்படி?

மழலையர் பள்ளிகளில் ஊட்டச்சத்துப் பயிற்சி என்றால் பெரும்பாலும் ஒரு நாள் கூட்டம், சுவரில் ஒட்ட ஒரு படம், கடைசியில் ஒரு கேள்வித்தாள். எதில் இரும்புச்சத்து இருக்கிறது என்று சமையலர் சரியாக எழுதிக் கொடுத்துவிடுவார். மறுநாள் பாத்திரத்தில் விழும் பருப்பு மட்டும் பழைய அளவிலேயே இருக்கும். பருப்பு, காய், எண்ணெய், உப்பு ஆகிய நான்கின் எடையும் மாறினால்தான் பயிற்சி நடந்ததாகக் கணக்கு. அந்த எடையை மாற்றும் பயிற்சியை எப்படி நடத்துவது என்று பார்ப்போம்.

முதலில் ஐந்து நாள் எடை

வகுப்பு எடுப்பதற்கு முன் ஐந்து வேலை நாட்களுக்குச் சமையலறையில் எடை மட்டும் போடுங்கள். ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் சிறிய எடை மெஷின் ஒன்று, ஐந்து கிலோவுக்கு மேல் தாங்குவது ஒன்று இருந்தால் போதும். சமைக்கப் போகும் ஒவ்வொரு பொருளையும் பச்சையாக எடைபோட்டு எழுதி, அன்று சாப்பிட்ட குழந்தைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

இது யாரையும் பிடிப்பதற்கான சோதனை இல்லை என்பதை எடை போடும் முன்பே சமையலரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் தராசைக் கொண்டுபோய் வைத்தால், பொருள் எங்கே போகிறது என்று பார்க்க வந்திருக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். அந்த மனக்கசப்பு வந்துவிட்டால் பிறகு எந்த வகுப்பும் ஏறாது. ஆறேழு வயிறுகளுக்கே சமைத்துச் சலித்துப்போகும் நாம், நாள்தோறும் முப்பது பேருக்கு நேரம் தவறாமல் சமைப்பவரிடம் அந்த மரியாதையோடுதான் போக வேண்டும்.

ஓர் உதாரணம். 30 குழந்தைகளுக்கான மதியச் சாப்பாட்டில் தானியம் 2.1 கிலோ, பருப்பு 300 கிராம், காய் 750 கிராம், எண்ணெய் 90 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழந்தைக்குத் தானியம் 70, பருப்பு 10, காய் 25, எண்ணெய் 3 கிராம். மொத்தம் ஏறக்குறைய 315 கிலோ கலோரி. அதில் முக்கால் பங்குக்கு மேல் தானியத்திலிருந்து வருகிறது. வயிறு நிரம்பும், ஆனால் பருப்பு வழியாகக் கிடைக்கும் புரதம் இரண்டு கிராமைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இதையே தானியம் 60, பருப்பு 25, காய் 60, எண்ணெய் 5 கிராம் என்று மாற்றி, கூட 60 கிராம் பழம் வைத்தால் 390 கிலோ கலோரியை ஒட்டி வரும். பருப்பின் புரதம் ஆறு கிராமைத் தொடும். 2 முதல் 5 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1000 முதல் 1400 கிலோ கலோரி தேவை என்பதால், மதிய வேளைக்கு இது பொருத்தமான அளவு.

எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ பள்ளியில் இருக்கும் குழந்தைக்கு அன்றைய தேவையில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை பள்ளியிலேயே கிடைக்க வேண்டும். நான்கு முதல் ஏழு மணி நேரம் என்றால் மூன்றில் ஒரு பங்கு. உங்கள் பள்ளி எந்த வகை என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மிச்சத்தையும் எடை போடுங்கள். தட்டில் மீந்த காய்க்கு ஒரு வாளி, மற்றவற்றுக்கு இன்னொரு வாளி. எல்லாம் ஒரே வாளியில் விழுந்தால் எது போகவில்லை என்று கண்டுபிடிக்கவே முடியாது.

யார் யார் உட்கார வேண்டும்

சமையலர், உதவியாளர், பரிமாறும் ஆசிரியர்கள், சாமான் வாங்குபவர், நிர்வாகி என எல்லோரும் ஒரே அமர்வில் இருக்க வேண்டும். சமையலருக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தால் பட்டியல் மாறும், கொள்முதல் மாறாது. ஆசிரியரை விட்டுவிட்டால், அடுப்பில் கவனமாகச் செய்த மாற்றத்தை “காய் வேண்டாமா, சரி வெச்சிடு” என்ற ஒரு வார்த்தை தட்டிலேயே முடித்துவிடும்.

அமர்வு ஒவ்வொன்றும் 45 நிமிடம், சமையலறையில், இரண்டு வாரத்துக்கு ஒன்று. ஓர் அமர்வில் ஒரே விஷயம். அடுத்த அமர்வுக்குள் அந்த ஒரு மாற்றம் அன்றாட வழக்கமாகியிருக்க வேண்டும். இப்படி ஆறு அல்லது ஏழு அமர்வு போதும். ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிற ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

உப்பிலிருந்து தொடங்குங்கள்

கண்ணெதிரே தெரியும் என்பதால் முதல் அமர்வுக்கு உப்பு நல்லது. ஐந்து சிறு கிண்ணங்களை வரிசையாக வையுங்கள். 30 பேர் சாப்பாட்டுக்கு வழக்கமாக எவ்வளவு போடுவீர்களோ அவ்வளவு உப்பைக் கையால் அள்ளி ஆளுக்கொரு கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொன்றாக எடை மெஷினில் ஏற்றி, எண்ணைப் பலகையில் எழுதுங்கள். கைக்குக் கை எவ்வளவு வித்தியாசம் என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து உச்ச வரம்பு. பிரிட்டனின் பரிந்துரைப்படி 1 முதல் 3 வயது வரை நாளுக்கு 2 கிராம், 4 முதல் 6 வயது வரை 3 கிராம் உப்புதான் அதிகபட்சம். மதியச் சாப்பாட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு என்றால், இரு வயதுப் பிரிவும் கலந்த 30 குழந்தைகளுக்கு மொத்தம் 25 கிராம், அதாவது தட்டிய தேக்கரண்டியில் நான்கு. பாலாடைக்கட்டி, சாஸ், பொடி வகைகளில் இருக்கும் உப்பும் இதற்குள் அடக்கம். சட்டென்று குறைத்தால் குழந்தைகள் ஒதுக்குவார்கள்; இரண்டு வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு என்று இறங்குங்கள். ருசி பார்ப்பவர் பெரியவர் என்பதால் அவர் நாக்குக்குச் சப்பென்று இருப்பது குழந்தைக்குச் சரியாக இருக்கும். அளவுக் கரண்டி வந்த பிறகு நாக்கைக் கேட்டு உப்பு கூட்டக் கூடாது. அயோடின் கலந்த உப்பையே வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, இறக்கும் நேரத்தில் சேர்க்கப் பழக்குங்கள்.

சர்க்கரைக்கும் இதே முறைதான். சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாறு இவற்றின் இனிப்பு மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1200 கிலோ கலோரி சாப்பிடும் குழந்தைக்கு 5 சதவீதம் என்பது 15 கிராம், நான்கு தேக்கரண்டிக்கும் குறைவு. காலைப் பாலில் இரண்டு தேக்கரண்டி போட்டால் பாதி அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

இரும்புச்சத்து: இந்த அமர்வுக்கு நேரம் ஒதுக்குங்கள்

அமெரிக்க, கனடா பரிந்துரைப்படி 1 முதல் 3 வயதுக்கு நாளுக்கு 7 மி.கி., 4 முதல் 8 வயதுக்கு 10 மி.கி. இரும்புச்சத்து தேவை. பயறு, பருப்பு, கீரை, முழுத்தானியம் இவற்றில் இருக்கும் இரும்பு இறைச்சியில் இருப்பதைப் போல் எளிதாக உடலில் சேராது. எவ்வளவு போட்டோம் என்பதோடு, எதனுடன் சேர்த்துக் கொடுத்தோம் என்பதும் சமையலருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று பழக்கங்களைக் கையால் செய்துகாட்டுங்கள். முழுப் பயறை முந்தைய இரவே ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டுவது. முளைகட்டினால் இன்னும் நல்லது. இரும்பைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் இதனால் குறையும். அடுத்து, அதே வேளையிலேயே வைட்டமின் சி: அடுப்பிலிருந்து இறக்கிச் சூடு சற்றுத் தணிந்ததும் எலுமிச்சைச் சாறு, அல்லது தட்டிலேயே ஆரஞ்சு, கொய்யா போன்ற பழத் துண்டு. கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் வீணாகும். மூன்றாவது, பாலை மதியச் சாப்பாட்டோடு கொடுக்காமல் சிற்றுண்டி நேரத்துக்கு மாற்றுவது. நாள் முழுதும் சேர்த்து அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கும் குழந்தை சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும். இரும்புக் குறைவு அப்படியும் வரும். தேநீர் இந்த வயதுக்கு எந்த வேளையிலும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: சிவப்பு ராஜ்மா வகைப் பயறை ஊறவைத்த பிறகு குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். மெல்லிய சூட்டில் மட்டும் வேகவைத்தால் அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப்பொருள் அழியாமல் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும்.

காயும் கொழுப்பும்

காயைக் கழுவிய பிறகு நறுக்குவது, பெரிய துண்டாக நறுக்குவது, குறைந்த தண்ணீரில் மூடிவைத்து வேகவிடுவது, வெந்த தண்ணீரைக் கொட்டாமல் குழம்பிலேயே சேர்ப்பது எல்லோரும் கேட்டதுதான். நடைமுறையில் சறுக்குவது நேரத்தில். பத்தரை மணிக்கே சமைத்து முடித்து, பன்னிரண்டரை வரை சூட்டிலேயே வைத்தால் வைட்டமின் சியும் ஃபோலேட் என்ற பி வகை வைட்டமினும் தொடர்ந்து குறைந்துகொண்டே போகும். தானியத்தையும் பருப்பையும் முன்னால் முடித்துவிட்டு, காயைப் பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன் அடுப்பில் ஏற்றும்படி வேலை வரிசையை மாற்றுங்கள். கீரை பச்சையாகத் தெரியச் சமையல் சோடா போடும் வழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். வைட்டமின் சியும் தயமினும் (வைட்டமின் பி1) அழிந்துவிடும்.

காய் அளவு கூடினால் நறுக்கும் வேலையும் கூடும். உதவியாளருக்குக் கூடுதல் நேரம் ஒதுக்காமல் காயை மட்டும் இரட்டிப்பாக்கச் சொன்னால், இரண்டாவது வாரமே பழைய அளவுக்குத் திரும்பிவிடும். இதை நிர்வாகி இருக்கும்போதே பேசி முடிக்க வேண்டும்.

கொழுப்பைக் குறைப்பது நல்லது என்ற பெரியவர் கணக்கைக் குழந்தைகளிடம் கொண்டுவரக் கூடாது. 1 முதல் 3 வயதில் மொத்த ஆற்றலில் 30 முதல் 40 சதவீதம் கொழுப்பிலிருந்து வர வேண்டும். 4 வயதுக்கு மேல் 25 முதல் 35. சின்ன வயிறு, கொஞ்சம்தான் கொள்ளும். நீர்க்கக் காய்ச்சிய கஞ்சி வயிற்றை நிரப்பிவிட்டு ஆற்றலைக் கொடுக்காமல் போகும். கரண்டியில் எடுத்துச் சாய்த்துக் காட்டுங்கள்: ஒழுகி ஓடினால் நீர்ப்பு, கரண்டியிலேயே நின்று மெல்ல வழிந்தால் பதம். ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்தால் 40 கிலோ கலோரிக்கு மேல் கூடும், கஞ்சியும் இளகும்.

பரிமாறும் இடத்தில்

என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர் முடிவு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் முடிவு. இந்தப் பிரிவினையை ஆசிரியர்கள் ஏற்றுக்கொள்ளக் கொஞ்சம் காலம் பிடிக்கும். கட்டாயப்படுத்தி ஊட்டுவதும், காயைச் சாப்பிட்டால் இனிப்பு என்று பேரம் பேசுவதும் காய் மீதான வெறுப்பைத்தான் வளர்க்கும்.

புதிய காயை முதலில் ஒரே ஒரு மேசைக்கரண்டி, தெரிந்த உணவோடு வையுங்கள். குழந்தை ஏற்க 8 முதல் 15 தடவை வரை ஆகலாம். மூன்றாவது தடவை மீந்ததும் “எங்க புள்ளைங்க இதைச் சாப்பிடாது” என்று பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதுதான் வழக்கமான தவறு. வாரத்துக்கு ஒரு புதிய காய்க்கு மேல் வேண்டாம். ஆசிரியரும் அதே சாப்பாட்டை அதே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டால் பாதி வேலை முடிந்தது. “உடம்புக்கு நல்லது” என்பதைவிட “கடிச்சா கருக்குன்னு சத்தம் வருது பார்” என்பது வேலை செய்யும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன் பிஸ்கட்டோ பழச்சாறோ கொடுப்பது நின்றாலே மிச்ச வாளியின் எடை குறையும்.

பாதுகாப்புக்குத் தனி அமர்வு கட்டாயம். முழு நிலக்கடலை, முந்திரி, பாதாம் ஐந்து வயதுக்குக் கீழ் கிடையாது. பொடித்தோ அரைத்தோ கொடுக்கலாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்ட வேண்டும். பச்சைக் கேரட்டைத் துருவ வேண்டும் அல்லது வேகவைக்க வேண்டும். நடந்துகொண்டே சாப்பிட விடக்கூடாது. ஒவ்வாமை உள்ள குழந்தையின் பெயரும் உணவும் சமையலறையிலும் பரிமாறும் இடத்திலும் எழுதியிருக்க வேண்டும், அவர்களுக்குத் தனிக் கரண்டி. சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் இறங்கி இரண்டு மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். ஒரு உணவு வெப்பமானி வாங்கிக் கொடுங்கள். தொட்டுப் பார்த்து 60 டிகிரியைச் சொல்ல யாராலும் முடியாது.

சமையல் அட்டையும் மறு எடையும்

ஒவ்வோர் அமர்வின் முடிவும் அட்டையில் ஏற வேண்டும். ஒரு உணவுக்கு ஓர் அட்டை: 10, 20, 30 குழந்தைகளுக்கான பச்சை எடை, செய்முறை வரிசை, அடுப்பிலிருந்து இறக்கும் நேரம், ஒரு குழந்தைக்கு எந்தக் கரண்டியில் எத்தனை. எண்ணை மட்டும் எழுதாமல், அந்தச் சமையலறையிலேயே இருக்கும் படியிலும் கரண்டியிலும் கோடு போட்டுவிடுங்கள். படிக்க நேரமில்லாத காலை வேளையில் கோடுதான் உதவும். அட்டையை நெகிழி உறையில் போட்டு அடுப்புக்கு எதிரே தொங்கவிடுங்கள். அலுவலகக் கோப்பில் இருக்கும் அட்டையை யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள்.

கடைசி அமர்வு முடிந்த நான்காவது வாரமும் பன்னிரண்டாவது வாரமும் பழையபடி ஐந்து நாள் எடையும் மிச்ச வாளியும். எடை கூடி மிச்சமும் கூடியிருந்தால் பரிமாறும் இடத்தில் சிக்கல், ஆசிரியர்களோடு உட்காருங்கள். எடையே கூடவில்லை என்றால் கொள்முதல் பட்டியலை எடுத்துப் பாருங்கள், பருப்பு மூட்டை பழைய அளவிலேயே வந்துகொண்டிருக்கும். புதிய சமையலரோ மாற்று ஆளோ வந்தால், முதல் மூன்று நாள் பழைய ஊழியர் ஒருவர் பக்கத்தில் நின்று அட்டைப்படி எடைபோட்டுச் சமைக்க வைக்க வேண்டும். அதற்கு முன் தனியாக அடுப்பை ஒப்படைக்க வேண்டாம்.