சோற்றைக் குறைத்தால் தட்டில் எதை வைப்பது? சைவச் சமையலில் மாவுச்சத்தைக் குறைக்கும் முறை

மாவுச்சத்தைக் குறைக்க நினைக்கும் சைவர்கள் பலரும் முதல் நாள் ஒரே தப்பைச் செய்கிறார்கள். சோற்றை நிறுத்திவிட்டு, வழக்கமான இரண்டு கரண்டிப் பொரியலோடு எழுந்துவிடுகிறார்கள். மாலை நாலு மணிக்குப் பசி வயிற்றைக் கிள்ளும், கை தானாக முறுக்கு டப்பாவைத் தேடும். இதற்கு மன உறுதியைக் குறை சொல்ல வேண்டாம். ஒன்றரைக் கப் சோறு என்றால் ஏறக்குறைய 300 கலோரி. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றும் வைக்காவிட்டால் எந்த உடம்பும் கேட்கத்தான் செய்யும்.

சைவத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. முட்டையிலும் மீனிலும் மாவுச்சத்து ஏறக்குறைய இல்லாமலே புரதம் கிடைக்கும். நாம் நம்பியிருக்கும் துவரம்பருப்பில் 100 கிராமுக்கு 22 கிராம் புரதம் இருந்தாலும், நார்ச்சத்தைக் கழித்த பிறகும் அதைப்போல இரண்டு மடங்கு மாவுச்சத்து கூடவே வரும். பருப்பை மட்டும் வைத்துப் புரதத்தை நிரப்பப் பார்த்தால் சோறு வேறு பெயரில் திரும்பி வந்துவிடும். ஆகவே சமைக்கும் முன் முடிவு செய்ய வேண்டியது இது: இந்த வேளைக்குப் பனீரா, டோஃபுவா (சோயாப் பாலில் எடுக்கும் பனீர்), சோயா உருண்டையா? அதற்குப் பிறகு காய், அப்புறம் எண்ணெயும் தேங்காயும். பருப்பு கடைசியில், அளந்து.

தொடங்கும் முன்

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் பேசாமல் இதைத் தொடங்கவே கூடாது. சாப்பாட்டில் மாவுச்சத்து குறைந்து மருந்து அளவு அப்படியே இருந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு, சர்க்கரை அதிகம் காட்டாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடும் அபாயமும் இருக்கிறது. ரத்த அழுத்த மருந்தின் அளவையும் மாற்ற வேண்டி வரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் தாமாக இதில் இறங்க வேண்டாம்.

கணக்கு

வெந்த சோறு 150 கிராமில் சுமார் 42 கிராம் மாவுச்சத்து. நடுத்தர அளவுச் சப்பாத்தி ஒன்றில் 20. நாளுக்கு 130 கிராமுக்குக் கீழே போனாலே குறைந்த மாவுச்சத்து உணவு என்று சொல்லலாம். இங்கே சொல்லும் சமையல் 60 கிராமை ஒட்டி வரும். கீழே வரும் எண்கள் எல்லாம் நார்ச்சத்தைக் கழித்தவை.

சிறுதானியத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. தினையும் சாமையும் வரகும் நல்ல தானியங்கள்தான், நார் கூடுதல்தான். ஆனாலும் 100 கிராமில் 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. அரிசிக்குப் பதிலாகத் தட்டு நிறையச் சாமைச்சோறு சாப்பிட்டால் கணக்கு பெரிதாக மாறாது. கோதுமை, ஓட்ஸ், அவல் எல்லாம் அதே கதை. நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் தேனும் சர்க்கரைக் கணக்கில்தான் சேரும்.

பனீரை வீட்டிலேயே எடுப்பது

ஒரு லிட்டர் முழுக் கொழுப்புப் பால் வேண்டும். ஆவினில் என்றால் 6 சதவீதக் கொழுப்புள்ள ஆரஞ்சு பாக்கெட். பாலைப் பொங்க விட்டு அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் காத்திருங்கள். இரண்டு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாற்றில் அதே அளவு தண்ணீர் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மெதுவாகக் கிளறுங்கள். திரிந்த பால் ஒதுங்கி, தண்ணீர் லேசான பச்சை கலந்த மஞ்சளில் தெளிந்ததும் சாறு ஊற்றுவதை நிறுத்திவிட வேண்டும். தண்ணீர் இன்னும் வெள்ளையாக இருந்தால் ஒரு டீஸ்பூன் சாறு கூட்டலாம். தெளிந்த பிறகும் அடுப்பில் கொதிக்க விடுவதுதான் பனீர் ரப்பர் மாதிரி ஆவதற்குக் காரணம்.

வெள்ளைத் துணியில் வடிகட்டி, புளிப்பு போகக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி அலசி, பிழிந்து அரை மணி நேரம் தொங்க விட்டால் உதிர்த்துச் சமைக்கும் பதம். துண்டு போட வேண்டுமென்றால் துணியோடு தட்டையாக வைத்து, இரண்டு கிலோ கனத்தை ஒரு மணி நேரம் ஏற்றுங்கள். சுமார் 200 கிராம் கிடைக்கும்.

வடித்த தண்ணீரைப் பலரும் சத்து என்று குழம்பில் ஊற்றுகிறார்கள். பாலிலிருந்த சர்க்கரையில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கிறது. ஒரு லிட்டர் பாலுக்கு முப்பது கிராமுக்குக் குறையாது. பனீரில் மாவுச்சத்து குறைவாக இருப்பதற்கும் அதுவே காரணம். வீட்டில் மற்றவர்களுக்குச் சப்பாத்தி மாவு பிசைய அதை வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் செய்ய எளிதானது பனீர் பொடிமாஸ். ஒருவருக்கு 100 கிராம் பனீர். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய் தாளித்து, பாதி வெங்காயமும் ஒரு சிறு குடைமிளகாயும் வதக்கி, மஞ்சள்தூள், உப்பு போட்ட பின் பனீரை உதிர்த்துச் சேர்க்க வேண்டும். இரண்டு நிமிடம் போதும், அதற்கு மேல் பிரட்டினால் வறண்டு தொண்டையில் நிற்கும். இறக்கி மிளகைத் தட்டிப் போடுங்கள்.

காலிஃபிளவர் சோறு, சொதசொதக்காமல்

செய்து பார்த்துவிட்டு "கூழ் மாதிரி ஆகிவிட்டது" என்பவர்கள்தான் அதிகம். எல்லாத் தவறும் தண்ணீரில் இருக்கிறது.

புழுவுக்காகப் பூவை மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் இரண்டு நிமிடம் போடுவோம். அது தேவைதான். ஆனால் எடுத்ததும் மிக்ஸியில் ஓட விடக் கூடாது. துணியில் பரப்பி விசிறிக் காற்றில் அரை மணி நேரமாவது உலர வேண்டும், பூவைத் தொட்டால் கையில் ஈரம் ஒட்டக் கூடாது. பிறகு மிக்ஸி ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பாமல், எதிர்ப்பக்கம் திருப்பி விட்டு விட்டு நாலு முறை ஓட்டுங்கள். நொய் அரிசி அளவுக்கு வந்ததும் நிறுத்தி, அடுத்த தவணை. துருவியிலும் துருவலாம்.

அகலமான இரும்புக் கடாயைக் காய வைத்து ஒரு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய் ஊற்றி, ஒருவருக்கு 200 கிராம் என்ற கணக்கில் போட்டு, பெரிய தீயில் நாலைந்து நிமிடம் பிரட்டுங்கள். மூடி போடவே கூடாது, ஆவி திரும்பி உள்ளேயே விழும். உப்பும் கடைசியில்தான், முன்பே போட்டால் பூ தண்ணீர் விடும். வேகல் அதிகமானால் முட்டைக்கோஸ் போல ஒரு வாடை எழும்பும். கடித்தால் லேசாக நறுக்கென்று இருக்கும்போதே இறக்க வேண்டும்.

தயிர்சாதத்துக்கு இதைவிட நல்ல மாற்று கிடையாது. நன்றாக ஆறிய பிறகு அரை கப் கெட்டித் தயிர், கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய், பெருங்காயத் தாளிப்பு. மொத்தம் 10 கிராம் மாவுச்சத்துதான். அலுவலகத்துக்குக் கட்டிக்கொண்டு போனால் தயிரைத் தனி டப்பாவில் எடுத்துப்போய்ச் சாப்பிடும்போது கலக்குங்கள். எலுமிச்சை, தேங்காய்ச் சாதமும் பொருந்தும். சாம்பார் ஊற்றினால் மட்டும் ஒட்டாது, தனித்தனியாக ஓடும். குழம்பு கெட்டியாக இருந்தால் சரிவரும்.

காய்

ஒரு வேளைக்கு ஒருவருக்குப் பச்சையாக 200 கிராம். இதைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள், நாம் வழக்கமாகச் சாப்பிடுவது எவ்வளவு கொஞ்சம் என்று தெரியும். புடலை, பீர்க்கன், சுரை, வெண்பூசணி, வெண்டை, கத்தரி, கோஸ், கீரை எல்லாமே ஏற்றவை. மண்ணுக்குக் கீழே விளைவதைத் தவிர்ப்பது என்ற விதி பெரும்பாலும் சரி. முள்ளங்கி அதில் விலக்கு, தாராளமாகச் சாப்பிடலாம். மேலே விளைந்தாலும் வாழைக்காய், பச்சைப் பட்டாணி, பலாக்காய் வேண்டாம். சின்ன வெங்காயத்தில் பெரிய வெங்காயத்தைவிட மாவுச்சத்து கூடுதல். கைநிறைய அள்ளிப் போடும் வழக்கத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பொரியலுக்கு ஆளுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயும் இரண்டு டேபிள்ஸ்பூன் தேங்காய்த் துருவலும் போடத் தயங்க வேண்டாம். சோறு போன இடத்தில் பசியைத் தாங்குவது இந்தக் கொழுப்புதான். கீரையைப் பருப்பில்லாமல் மசித்து, நெய்யில் பூண்டு தாளித்தால் பருப்பு இல்லாத குறை தெரியாது.

குழம்பும் சட்னியும்

மோர்க்குழம்பு இந்த முறைக்கென்றே பிறந்தது போன்றது, அரைத்து விடும் பருப்பையும் பச்சரிசியையும் எடுத்துவிட்டால் போதும். ஆனால் குழம்பு திரியாமல் காத்தது அந்த மாவுதான். அது இல்லாதபோது கவனம் கூட வேண்டும். முழுக் கொழுப்புப் பாலில் தோய்த்த புளித்த தயிர் இரண்டு கப் எடுத்து, கட்டியில்லாமல் கடைந்துகொள்ளுங்கள். கால் மூடித் தேங்காய், சீரகம், பச்சை மிளகாய், இஞ்சியை நைசாக அரைத்துக் கலந்து, வெந்த வெண்பூசணியில் ஊற்றிச் சின்னத் தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், கொதி வந்தால் திரிந்துவிடும். உப்பு இறக்கிய பிறகு. பயமாக இருந்தால் ஒரு டீஸ்பூன் கடலை மாவைத் தயிரில் கடைந்து விடலாம், நாலு பேருக்குப் பங்கிட்டால் கணக்கில் வராது.

சாம்பாரை விட வேண்டியதில்லை. நாலு பேருக்கு 50 கிராம் பருப்பு, நெல்லிக்காய் அளவு புளி. சட்னியில் பொட்டுக்கடலையை நிறுத்தித் தேங்காயும் வேர்க்கடலையும் அரையுங்கள்.

சோயா

உலர்ந்த சோயா உருண்டை 30 கிராமில் 15 கிராம் புரதமும் 6 கிராம் மாவுச்சத்தும். பச்சை வாடை பிடிக்காமல் ஒதுக்குபவர்கள் பெரும்பாலும் சரியாகப் பிழியாதவர்கள். உப்புப் போட்ட கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து, குளிர்ந்த நீரில் அலசி மறுபடியும் பிழிய வேண்டும். உள்ளே தண்ணீர் இருந்தால் மசாலா ஏறாது. மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி, சோம்பு, பூண்டு, மிளகு, தேங்காய் சேர்த்துச் சுக்காவாக வறுத்தால் வெண்டைக்காய்ப் பொரியலோடு இரவுச் சாப்பாடு நிறைவு.

முதல் வாரம்

தலைவலி, சோர்வு வந்தால் பெரும்பாலும் உப்புக் குறைவு. மாவுச்சத்து குறையும்போது உடம்பு தண்ணீரையும் உப்பையும் சேர்த்து வெளியேற்றும். ரத்த அழுத்தம் இல்லாதவர்கள் உப்புப் போட்ட மோர் இரண்டு டம்ளர் குடிக்கலாம். மலச்சிக்கல் வந்தால் காய் போதவில்லை என்று அர்த்தம்.

காபியைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடாதீர்கள். சர்க்கரை இல்லாவிட்டாலும் 150 மில்லி பாலில் 7 கிராம், நாளுக்கு மூன்று என்றால் 21. டிகாக்‌ஷனைத் திக்காக இறக்கிப் பாலைக் குறைத்தால் இரண்டு டம்ளர் தாங்கும். கொறிக்க 30 கிராம் அவித்த வேர்க்கடலையோ பாதாமோ சரி. முந்திரி வேண்டாம், பாதாமைவிட அதில் மாவுச்சத்து மூன்று மடங்கு.

வெளியே சாப்பிட நேர்ந்தால் ஹோட்டலில் கோபி மஞ்சூரியனைத் தவிருங்கள், மைதாவும் சோளமாவும் பூவைவிட அதிகம் இருக்கும். பனீர் டிக்கா, மாவு கரைக்காத காய் சூப், தயிர் கேட்கலாம். சாப்பாடு மட்டுமே கிடைக்கும் இடத்தில் சோற்றை ஒரு கரண்டியோடு நிறுத்தி, பொரியலும் கூட்டும் இரண்டாவது முறை கேளுங்கள். அளவில்லாச் சாப்பாடு என்றால் பொதுவாக இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.