படிவம் ஒன்றிலேயே ஒரு ஃபைல் வாங்குங்கள்

மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் ரிசல்ட் வந்த மறுவாரமே கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுக்கு யாராவது ஓர் அம்மா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். "ஐந்து ஏ எடுத்திருக்கிறாள், ஏதாவது உபகாரச் சம்பளம் கிடைக்குமா, அக்கா?" கிடைக்கும். ஆனால் அரசாங்கப் பொதுச் சேவைத் துறையான ஜேபிஏ தருவது மாதிரி பெரியது எல்லாருக்கும் வராது, நான் சொல்வது 500 மலேசிய வெள்ளி, 1,000 வெள்ளி, கட்டணத்தில் கொஞ்சம் கழிவு என்று துண்டு துண்டாக வருவதைத்தான். அதற்கான வேலை இடைநிலைப் பள்ளியின் முதல் ஆண்டான படிவம் ஒன்றிலேயே தொடங்குகிறது.

முதலில் ஒரு ஃபைல். பள்ளியில் கொடுக்கும் ஒவ்வொரு சான்றிதழையும் அன்றைக்கே அதில் போடுங்கள், போனில் படமும் எடுத்து வையுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், ஸ்கேன் பண்ணினால் பளபளவென்று எழுத்தே தெரியாது. அப்புறம் பெயர். என் வட்டார அளவிலான பேச்சுப் போட்டிச் சான்றிதழில் ஒரே ஓர் 'எச்' விடுபட்டிருந்தது. உதவிக்கு விண்ணப்பித்தபோது கல்லூரியில் அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து, இது நீங்கள்தானா என்று கேட்டு, பள்ளியிலிருந்து கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். நான் வாங்கி வருவதற்குள் விண்ணப்பத் தேதி போய்விட்டது. அதனால் மேடையிலிருந்து இறங்கியதுமே பெயரைப் படித்துப் பாருங்கள், கைதட்டலை அப்புறம் ரசித்துக்கொள்ளலாம்.

மன்றம், விளையாட்டு, சீருடை இயக்கம் என்ற புறப்பாடத்தைப் பொழுதுபோக்கு என்று நினைக்கிற பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு யூபியூ என்ற பொது விண்ணப்ப முறை வழியாக விண்ணப்பித்தால் 90 விழுக்காடு பாடத்துக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. அந்தப் பத்தில் நீங்கள் எந்த அளவில் போட்டியிட்டீர்கள், என்ன பதவி வகித்தீர்கள், ஒழுங்காக வந்தீர்களா என்பதெல்லாம் சேரும். ஏழு மன்றத்தில் பெயர் கொடுத்துவிட்டு எதற்கும் போகாமல் இருப்பதைவிட, ஒரு சீருடை இயக்கம், ஒரு மன்றம், ஒரு விளையாட்டு என்று வைத்துக்கொண்டு அதிலேயே செயலாளராகவோ தலைவராகவோ வருவது மேல். வருகைப் பதிவு சும்மா கிடைக்கிற புள்ளி, அதை விடுவது முட்டாள்தனம்.

தனியார் கல்லூரிகள் பெரும்பாலும் எத்தனை ஏ என்று எண்ணித்தான் கழிவு தருகின்றன. பல இடங்களில் எஸ்பிஎம்முக்கு முன் பள்ளியில் வைக்கும் டிரையல் தேர்வின் ரிசல்ட்டை வைத்தே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம், ஆகவே டிரையலை ஒத்திகை மாதிரி எழுதாதீர்கள். கல்விக் கண்காட்சிக்குப் போனால் இலவசப் பையை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல், ஏ-மைனஸும் ஏ-தானா, தமிழையும் தமிழ் இலக்கியத்தையும் சேர்ப்பீர்களா, கழிவு எல்லாத் தவணைக்கும் உண்டா இல்லை முதல் தவணைக்கு மட்டுமா, பதிவுக் கட்டணத்துக்கும் பொருந்துமா, எந்தப் புள்ளிக்குக் கீழே போனால் நிறுத்துவீர்கள், வேறு உதவி வாங்கினால் இது போய்விடுமா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். கவுண்டரில் சிரித்துக்கொண்டே சொன்னதை அடுத்த வருடம் யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

நம் பக்கத்து உதவிகளையும் மறந்துவிடக் கூடாது. அப்பா அம்மா தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் போன்ற ஒன்றில் உறுப்பினரா? உறுப்பினர் பிள்ளைகளுக்குக் கல்வி ஊக்கத்தொகை உண்டா என்று விசாரியுங்கள். பினாங்குப் பிள்ளைகள் இந்து அறப்பணி வாரியத்தின் கல்வி உதவியைப் பார்க்கலாம். மாணவர்களுக்குக் கல்வி நிதியுதவி தரும் எம்ஐஇடி போன்ற இடங்களில் தருவது கடனா, திருப்பித் தர வேண்டாத பணமா என்று முதலிலேயே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, விண்ணப்பத்தோடு உங்களைப் பற்றி எழுதச் சொல்லும் அந்த ஒரு பக்கக் கட்டுரை. பிள்ளையே எழுதட்டும். எனக்குத் தெரிந்த ஒரு பையன் முதலில் 'தலைமைத்துவப் பண்பு' என்று எங்கிருந்தோ பார்த்து எழுதியிருந்தான், யாருக்கு வேண்டும் அது? வெள்ளிக்கிழமை இரவுச் சந்தையில் அம்மாவோடு வடை கட்டிக் கொடுத்து, மீதிச் சில்லறையை எண்ணி, பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்து, மறுநாள் காலை சாரணர் பயிற்சிக்குப் போனதை எழுது என்றேன். நேர்காணலில் பாதி நேரம் வடையைப் பற்றியே கேட்டார்களாம். 1,500 வெள்ளி கொடுத்தார்கள்.